பெயர் வைத்த சகலை

தரகர் அந்தப் பெயரை முதலில் பார்த்தது ஒரு பேருந்தின் முதுகில்.

சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தி ஒற்றைக் காலை ஊன்றியிருந்தார். முன்னால் நின்ற பேருந்தின் பின்புறம் முழுக்க நீல நிற விளம்பரம். பால்கனியில் கோப்பையோடு ஒரு பெண்; அவளுக்குப் பின்னால் பளபளக்கும் தண்ணீர். ‘பேர்ல் சைடு: நகரத்தின் புதிய முகவரி’ என்று எழுதியிருந்தது. எங்கேயோ கடற்கரைப் பக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கீழே போட்டிருந்த சின்ன வரைபடத்தைப் பார்த்ததும்தான் தூக்கிவாரிப் போட்டது. ரயில் நிலையம், அதன் பின்னால் கால்வாய், கால்வாய்க்கு இந்தப் பக்கம் நான்கு தெருக்கள். அது எலும்புமில். இருபத்திரண்டு வருடமாக அவர் வீடு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிற எலும்புமில்.

பேருந்து நகரும்போது விளம்பரத்தின் மூலையில் இருந்த புகைப்படம் கண்ணில் பட்டது. கோட்டுப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தவர் அவருடைய சகலை.

பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிய பிறகுதான் தரகர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஒரு காலத்தில் அங்கே எலும்பை அரைத்து உரமாக்குகிற மில் இருந்தது. மில் மூடி நாற்பது வருடம் ஆகிவிட்டது. புகைபோக்கி மட்டும் மொட்டையாக நிற்கிறது. பெயர் போகவில்லை. அங்கே குடியிருப்பவர்கள் யாரும் வெளியே அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வீடு எங்கே என்று கேட்டால் “ஸ்டேஷனுக்குப் பின்னாடி” என்பார்கள். கால்வாய் என்று சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். கோடைக் காலத்தில் அந்தப் பக்கத்து ஜன்னலை யாரும் திறப்பதில்லை.

தரகரின் ஆபீஸும் எலும்புமில்லில்தான், ஜெராக்ஸ் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில் இருக்கும் ஓர் ஒடுக்கமான அறை. மேசை, மூன்று நாற்காலி, தடித்த நோட்டுப் புத்தகங்கள். எந்த வீட்டுக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் வரும், எந்த மாடிப்படி மழையில் வழுக்கும், எந்த வீட்டுச் சொந்தக்காரர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ‘சும்மா பாத்துட்டுப் போலாம்னு’ வருவார் என்பதெல்லாம் அதில் இருந்தது. சுவரில் ஈரம் ஊறினால் அதைத்தான் முதலில் காட்டுவார். “அப்புறம் பாத்து மனசு உடையறதுக்கு இப்பவே பாத்துருங்க” என்பார். இதனால் பல வியாபாரம் கெட்டது. ஆனால் அவர் பார்த்துக் கொடுத்த வீட்டில் குடியேறியவர்கள் தெருவில் கண்டால் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள்.

சகலை என்பவர் மனைவியின் தங்கை வீட்டுக்காரர். நான்கு வருடத்துக்கு முன்பு அவருடைய செல்போன் கடை படுத்துவிட்டது. “பெரிய மாப்பிள்ளை, அவரையும் உங்ககூட வெச்சுக்குங்களேன்” என்று மாமியார் கேட்டபோது தரகரால் மறுக்க முடியவில்லை. ஒன்றரை வருடம் அந்த மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் சகலை. வாய் ஓயாது. வந்தவர்களிடம் ஈரச்சுவரைக் காட்டி, “இதுல ஒரு நல்ல படம் மாட்டுனா அம்சமா இருக்கும்” என்பார். பிறகு கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். சனி விட்டது என்று தரகர் அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

அந்த நிம்மதிதான் இப்போது பேருந்தின் முதுகில் ஏறி ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். ஹாலில் ஒரே ஒரு மேசை மின்விசிறிதான். இத்தனை வருடம் அது தலையை ஆட்டி ஆட்டி எல்லோருக்கும் காற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தது. இன்று மாமியார் அதன் கழுத்துப் பின்னை அழுத்தி, சின்ன மாப்பிள்ளையின் பக்கமாக நிறுத்தி வைத்துவிட்டார்.

“எப்பிடி மாப்பிள்ளை அந்தப் பேரு தோணுச்சு?” என்று கேட்டார் மாமியார்.

“எலும்பு வெள்ள, முத்தும் வெள்ள. அவ்வளவுதான் அத்தை,” என்றார் சகலை. “குளிக்கும்போது தோணுச்சு.”

ஹாலே சிரித்தது. தரகரின் மனைவியும் சிரித்தாள். குளிக்கும்போது தோன்றியது என்ற வார்த்தைதான் தரகருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இருபத்திரண்டு வருடம் அவரும்தான் தினமும் குளித்தார். என்ன தோன்றியது? குழாயில் தண்ணீர் நின்றுவிடும் என்றுதான் தோன்றியது.

“அண்ணே, எல்லாம் உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான்,” என்று சகலை அவர் பக்கம் திரும்பிச் சொன்னார். அதில் கேலி இல்லை. உண்மையிலேயே மரியாதையாகத்தான் சொன்னார். கேலியாகச் சொல்லியிருந்தால் தரகருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஸ்கூட்டரின் பின்னால் இருந்து மனைவி சொன்னாள். “நீங்களும் ஏதாவது ஒரு பேரு வெச்சுப் பாருங்களேன். பழைய பஸ் டிப்போ பக்கம் இருக்கே.”

“வெக்கறேன். நாளைக்குக் குளிக்கும்போது.”

“எதுக்கு எம்மேல எரிஞ்சு விழறீங்க?”

அவர் ஸ்கூட்டரை முடுக்கினார். ஆனால் மறுநாள் குளியலறையில் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். ‘டிப்போ வியூ’ என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. டிப்போவில் என்ன வியூ? பஞ்சரான பேருந்துகள். தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தவர் அன்று முழுக்க யாருடனும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஆறே மாதத்தில் எலும்புமில்லில் சுவர்களுக்கெல்லாம் வெளிர் சாம்பல் நிறம் வந்தது. கால்வாய்க் கரையில் தொட்டிச் செடிகளும் இரண்டு பெஞ்சுகளும் வைத்தார்கள். சாவிக் கடைக்காரர், அந்தப் பெயர் நாக்கில் நிற்காமல், “பேல் சைடு, பேய் சைடு” என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி வார்டு ஆபீசுக்கு விண்ணப்பம் கொடுத்து, பேருந்து நிறுத்தப் பலகையிலேயே அந்தப் பெயரைப் போட ஏற்பாடு செய்துகொண்டிருப்பதாகப் பேச்சு அடிபட்டது. வீடு வாங்க வருகிறவர்கள் தரகரின் ஆபீசைக் கடந்து, சகலையின் காரைத் தேடிப் போனார்கள். ஒரு தம்பதி உள்ளே வந்தார்கள். நாற்காலியைத் துடைத்துப் போட்டார் தரகர். அவர்கள் பேர்ல் சைடுக்கு வழி கேட்டார்கள்.

“இதாங்க,” என்றார்.

“இல்ல, பேர்ல் சைடு,” என்றார் அந்தக் கணவர், பொறுமையாக.

தையல்காரம்மா வந்தது அந்த வாரத்தில்தான். மூன்றாம் தெருவில் முன்பக்க அறையில் மெஷின் போட்டு, பின்பக்க அறையில் குடியிருப்பவர். பதினோரு வருடத்துக்கு முன்பு தரகர்தான் அந்த வீட்டைப் பார்த்துக் கொடுத்தார். கழுத்தில் தொங்கிய இஞ்சு டேப்பைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

“சார், வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்றாரு. விக்கப் போறாராம். உங்க சகலை ஆள் கூட்டிட்டு வந்து காட்டுறாரு. எங்க மெஷின் இருக்கற எடத்துல சோபா போடலாம்னு எம்முன்னாடியே பேசுறாங்க.”

தரகருக்கு அந்த நொடியில் தையல்காரம்மாவின் முகம் தெரியவில்லை. சகலையின் பல்வரிசைதான் தெரிந்தது.

“பேர மாத்துனதுதாம்மா எல்லாத்துக்கும் காரணம்,” என்றார். “பழைய பேரு திரும்பி வந்தா எல்லாம் அடங்கிடும். ஒரு மனு போடுவோம்.”

“மனு போட்டா நடக்குமா சார்?”

“நடத்திக் காட்டறேன்.”

அப்படிச் சொன்ன பிறகு அவருக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. நான்கு தெருக்களிலும் வீடு வீடாக ஏறி இறங்கினார். எந்த வீட்டில் எந்த நேரத்தில் ஆள் இருப்பார்கள் என்று அவருக்கு மனப்பாடம். வாடகைக்கு இருந்தவர்கள் எல்லோரும் பயத்தில் இருந்தார்கள்; பேனாவை நீட்டியதும் போட்டார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து தையல்காரம்மாவுடையது. இத்தனை காலம் ‘ஸ்டேஷனுக்குப் பின்னாடி’ என்று மழுப்பியவர்கள், “எங்க ஏரியா பேரு எலும்புமில்தான், அதுல என்ன தப்பு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் நோட்டீஸை இலவசமாக அடித்துக் கொடுத்தார். ஒரு பத்திரிகை நிருபர் வந்து, புகைபோக்கியின் முன்னால் தரகரை நிறுத்திப் படம் எடுத்தார்.

“எலும்புமில்ங்கறது வெறும் பேரு இல்லைங்க. இங்க உழைச்சவங்க முதுகெலும்பு,” என்று தரகர் சொன்னார். எங்கிருந்து வந்தது அந்த வாக்கியம் என்று அவருக்கே ஆச்சரியம். பத்திரிகையில் அதைத் தலைப்பாகவே போட்டுவிட்டார்கள்.

மனைவி பத்திரிகையை மடித்து வைத்தாள். “தங்கச்சிக்கு என்ன பதில் சொல்றது? அவ வீட்டுக்காரர் பொழப்புல மண்ணப் போடறீங்கன்னு நெனைக்க மாட்டாளா?”

“நான் ஊருக்காகப் பண்றேன்.”

மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவள். அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வார்டு ஆபீசில் விசாரணை நாள் வந்தது. நீளமான ஹால், இரும்பு நாற்காலிகள். கையில் மனுவோடு தரகர் முன்வரிசையில் உட்கார்ந்தார். பின்னால் எண்பது பேராவது வந்திருந்தார்கள். எதிர்ப்பக்கத்தில் சகலை ஒரு ஃபைலோடு தனியாக உட்கார்ந்திருந்தார். கோட்டு இல்லை, சாதாரணச் சட்டை. இன்றைக்கு இந்த மனுஷன் தலையைக் குனியப் போகிறார் என்ற நினைப்பு தரகருக்கு இனித்தது. கேட்பதற்கு எட்டுக் கேள்விகளை ஒரு தாளில் எழுதி, சட்டைப் பைக்குள் வைத்திருந்தார்.

வார்டு அதிகாரியம்மா மனுவைப் படித்தார். பிறகு சகலையைப் பார்த்து, “கம்பெனி தரப்புல என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

சகலை எழுந்தார். “மேடம், எங்க கம்பெனி விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கறோம். மக்கள் ஆசப்படற பேரே இருக்கட்டும்.” நேராக நடந்து வந்து, தரகரின் முன்னால் இருந்த மனுவை எடுத்து, கடைசி வரியில் கையெழுத்துப் போட்டார். “முந்நூத்திப் பதிமூணாவது ஆளு நான்.”

ஹால் முழுக்கக் கைதட்டல். தரகரின் ஆட்கள்தான் தட்டினார்கள். யாரோ ஒருவர் சகலையின் தோளில்கூடத் தட்டிக் கொடுத்தார். பேருந்து நிறுத்தத்தில் எலும்புமில் என்ற பெயரே தொடரும் என்று அதிகாரியம்மா எழுதிக் கையெழுத்திட்டார். ஜெயித்தாகிவிட்டது. ஆனால் அந்தக் கைதட்டலில் பாதியை யாரோ பையில் கைவிட்டு எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது தரகருக்கு. எட்டுக் கேள்விகளும் கேட்கப்படாமலேயே வியர்வையில் நனைந்து போயின.

வாசலில் சகலை அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அண்ணே, என்னமா பேசுனீங்க பத்திரிகையில! முதுகெலும்புன்னு! நான் பத்துப் பேருக்கு அனுப்பினேன்.”

“உனக்குக் கோவம் இல்லையா?”

“எதுக்குக் கோவம்? முத்து, பவளம்னு இப்ப ஊர்ல எல்லாப் பயலும் பேரு வெக்க ஆரம்பிச்சுட்டான். உங்களுது அசல்.”

அசல் என்ற அந்த வார்த்தைக்கு அர்த்தம் இரண்டு மாதம் கழித்துத்தான் விளங்கியது. பேருந்துகளின் முதுகில் புது விளம்பரம் வந்தது. இம்முறை கறுப்பு வெள்ளை. புகைபோக்கி, அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தரகர். ‘எலும்புமில்: முதுகெலும்பு உள்ளவர்களின் முகவரி.’ பத்திரிகைப் படத்தை அப்படியே விலைக்கு வாங்கிப் போட்டிருந்தார்கள். புகைபோக்கியின் அடியில் ‘எலும்பு’ என்றே பெயர் வைத்து ஒரு காபிக் கடை திறந்தார்கள். மனுப் போட்ட செய்தியைப் படித்துவிட்டு, மக்கள் இவ்வளவு ஒட்டுதலாக இருக்கிற ஏரியாவில் ஒரு வீடு வாங்க வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பேர்ல் சைடாக இருந்தபோது ஏறிய விலையைவிட இப்போது இன்னும் ஏறியது.

மாமியார் விளம்பரத்தைப் பார்த்துவிட்டுப் போன் செய்தார். “பெரிய மாப்பிள்ளை, படத்துல நல்லா விழுந்திருக்கீங்க. எல்லாம் சின்ன மாப்பிள்ளை புண்ணியம்.”

தரகர் போனை வைத்தார். தோற்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பார். ஜெயித்த ஜெயிப்பைக்கூட அந்த ஆள் கொண்டுபோய் விற்றுவிட்டாரே என்பதுதான் தாங்கவில்லை. அதைவிட மோசம், அந்த விளம்பர வரி நன்றாக இருந்தது. அதைச் சொன்னது தான்தான். தன் வாயில் இருந்த சரக்கு தனக்குத் தெரியாமல் போனது, அவனுக்குத் தெரிந்திருக்கிறது. முதல்முறையாக மனசுக்குள் சகலையை ‘அவன்’ என்று சொன்னார்.

இரண்டு நாளில் தையல்காரம்மா மறுபடி வந்தார். இம்முறை டேப் கழுத்தில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டார்.

“மனு முடியட்டும்னு இவ்வளவு நாள் வீட்டுக்காரர் சும்மா இருந்தாரு சார். இப்ப நல்ல விலைக்கு ஆள் வந்தாச்சாம். மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணணும்.”

தரகர் தலையைக் குனிந்துகொண்டார்.

“பேரு திரும்பி வந்துருச்சு சார்,” என்றார் தையல்காரம்மா. “நாந்தான் போகணும்.”

அந்தக் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனாலேயே தரகரின் வாயிலிருந்து, மனைவியிடம்கூடச் சொல்லாதது வந்தது. “அம்மா, ஒண்ணு சொல்லட்டுமா? நான் உங்களுக்காகப் பண்ணலை. ஊருக்காகவும் பண்ணலை. என் சகலை மேல வயித்தெரிச்சல். அதுக்காகத்தான் உங்கள எல்லாம் கையெழுத்துப் போட வெச்சேன்.”

தையல்காரம்மா ஆச்சரியப்படவில்லை. “அது தெரியும் சார்.”

“தெரியுமா?”

“எல்லாருக்கும் தெரியும். சாவிக் கடைக்காரர் அன்னைக்கே சொன்னாரு, ரெண்டு மாப்பிள்ளைங்க சண்டைன்னு. ஆனா எங்க வாசல்ல வந்து நின்னது நீங்க ஒருத்தர்தானே. வேற யாரு வந்தாங்க?”

தரகருக்கு முகம் சூடாகிவிட்டது. எழுந்து போய்த் தடித்த நோட்டுகளை எடுத்துப் போட்டார். மெஷின் போட வெளிச்சம் உள்ள முன் அறை, தரைத்தளம், இப்போது கொடுக்கிற வாடகை. ஒரு வாரம் அலைந்தார். எலும்புமில்லில் வாய்ப்பே இல்லை. டிப்போ பக்கம் பத்து வீடு ஏறி இறங்கினார். ஒன்றில் முன் அறை இருட்டு. இன்னொன்றில் மெஷின் சத்தம் ஆகாது என்றார்கள். மற்ற எட்டில் வாடகை எட்டாத உயரம். அவர் கட்டிக் காத்த பழைய சொந்தக்காரர்கள்கூட, “இப்ப நிலவரமே வேற இல்லீங்களா?” என்று கையை விரித்தார்கள். அவர்கள் எல்லோருமே சகலையின் கம்பெனியிடம் சாவி கொடுத்து வைத்திருந்தார்கள்.

மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது, வேறு வழியில்லாமல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். வரவேற்பில் இருந்த பெண் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். “சார், நீங்க அந்த விளம்பரத்துல வர்றவர்தானே!”

சகலை அறைக்கு வெளியே ஓடி வந்தார். “அண்ணே! நீங்களா? வாங்க வாங்க. உங்களுக்குன்னு ஒரு சீட்டுப் போட்டு வெக்கணும்னு மேனேஜர்கிட்ட எப்பவோ சொல்லிட்டேன். நீங்க மட்டும் எங்ககூட வந்தீங்கன்னா...”

“அதுக்கு வரலை.” தரகர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தார். “ஒரு உதவி வேணும்.”

விஷயத்தைச் சொன்னார். சகலை முழுக்கக் கேட்டார். நடுவில் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை.

“அந்த அம்மாவா? ஐயோ, அங்க குடியிருக்காங்கன்னு தெரியும், ஆனா போறதுக்கு எடம் இருக்குன்னு வீட்டுக்காரர் சொன்னாரே அண்ணே.” சட்டென்று போனை எடுத்தார். ஒருவரிடம் இரண்டு நிமிடம் பேசினார். இன்னொருவரிடம் ஒரு நிமிடம். “ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம், பழைய தபால் ஆபீஸ் சந்து. தரைத்தளம், முன் ரூமுல ரெண்டு ஜன்னல். அதே வாடகை. மூணு வருஷத்துக்கு ஏத்த மாட்டாங்க, எழுதியே வாங்கித் தர்றேன். போதுமா?”

மூன்று நிமிடம். தரகரின் ஒரு வாரத்து அலைச்சல் மூன்று நிமிடத்தில் முடிந்தது.

“போதும்,” என்றார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் சகலைக்கு வேறு போன் வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை வேன் பிடித்துச் சாமான்களை ஏற்றினார்கள். தரகர் தையல் மெஷினின் தலைப்பகுதியைத் துணியில் சுற்றி, வேறு யாரிடமும் கொடுக்காமல், தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்தார். புது வீடு உண்மையிலேயே நன்றாக இருந்தது. அவர் பழக்க தோஷத்தில் குழாயைத் திறந்தார், தண்ணீர் வந்தது. சுவரில் கையை வைத்துத் தடவிப் பார்த்தார், ஈரம் இல்லை. குறை சொல்ல ஏதாவது கிடைக்காதா என்று மொட்டை மாடி வரை ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். ஒன்றும் கிடைக்கவில்லை.

தையல்காரம்மா இரண்டு ஜன்னல்களையும் திறந்து விட்டார். வெளிச்சம் அறை முழுக்க வந்து விழுந்தது. மெஷினை எங்கே போடுவது என்று இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தார். முகம் மலர்ந்திருந்தது.

“உங்க சகலை தங்கமான மனுஷன் சார்,” என்றார். “நேத்து அவரே போன் பண்ணி எல்லாம் சரியா இருக்கான்னு கேட்டாரு.”

தரகர் மெஷின் தலையைப் பலகையில் இறக்கி வைத்தார். இரண்டு கைகளும் அதன் மேல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தன. பத்து வீடு ஏறி இறங்கிய கால் இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

“ஆமாம்மா,” என்றார் கடைசியில். “நல்லவன்தான்.”

பிறகு குனிந்து, மெஷினின் பெல்ட்டை மாட்ட ஆரம்பித்தார்.